கரிசல் மண்ணும் கார்கோவில் வந்த புல்லும்

போன வாரம் லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டு வாசலில், நர்சரி பள்ளி நடத்தும் கரஸ்பாண்டென்ட் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடை முனையால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது.

அவர் குத்தக் குத்த, பக்கத்தில் நின்ற மூன்று பேருக்கும் மூச்சே வரவில்லை. ஒருவர் என் சிநேகிதர் காஜா மைதீன். இன்னொருவர் அவர் மனைவி ஜீனத். மூன்றாவது ஆள்... வேறு யார்? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுகிற நான்தான்.

ஒரு மனுஷன் இனிமேல் சொந்த ஊரில் இருப்பதா, பிளேன் ஏறுவதா என்பது அந்தக் குடை முனையில் நின்றது. அவர் குத்திக்கொண்டிருந்தது புல்லை. அதுவும் பிளாஸ்டிக் புல்லை.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

காஜாவும் நானும் பெரம்பலூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கணக்குப் பரீட்சையில் சேர்ந்தே கோட்டை விட்டவர்கள். நான் இங்கேயே தங்கிவிட்டேன். அவர் சபர் போனார். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு சபராளிகள். ஏர்மெயில் கவர் வராத வீடு அந்த ஊரில் அபூர்வம்.

துபாயில் முதலில் செங்கல் சுமந்தார். அப்புறம் பைப் லைன். கடைசி எட்டு வருஷம் புல் போட்டார். பங்களாக்களின் முற்றத்தில், மணலை இடித்துச் சமன் செய்து, ரோல் ரோலாக வரும் செயற்கைப் புல்லை விரித்து, ஒட்டு தெரியாமல் ஒட்டுகிற வேலை. தண்ணீர் வேண்டாம். உரம் வேண்டாம். வெட்டவும் வேண்டாம். பாலைவனத்தில் ஊட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது என்றால் சும்மாவா? பகலெல்லாம் முட்டி போட்டு ஊட்டியை விரித்துவிட்டு, ராத்திரி எட்டு பேர் படுக்கிற அறையில் காலை மடக்கிப் படுப்பார்.

முட்டி தேய்ந்துவிட்டது. அதைவிட முக்கியமான ஒரு கணக்கை ஜீனத் ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். “கல்யாணம் ஆகி இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. அவுங்க வந்த லீவையெல்லாம் கூட்டிப் பாத்தேன். ரெண்டரை வருஷம் தேறல.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. மார்க்கெட்டில் காய் விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

இந்தச் சித்திரையில் காஜா வந்தபோது, அவருக்கு முன்னாலேயே கப்பல் கார்கோவில் இரண்டு ரோல் வந்து இறங்கியிருந்தது. ஒன்று பெரியது... கரும்பச்சை, கட்டை விரல் உயரத்துக்கு அடர்த்தியான இழை. இன்னொன்று சின்னது. குட்டை இழை, வெளிறிய பச்சை, நடுநடுவே காய்ந்த வைக்கோல் நிறம். இரண்டும் வேலையில் மீந்தவை. முதலாளி ‘எடுத்துக்கொள்’ என்றாராம்.

அவர் மனசில் இருந்தது பெரிய திட்டம். நம் ஜில்லாவில் கோடை வந்தால் போர்வெல் காய்ந்துவிடும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது புல்லுக்கு யார் ஊற்றுவார்கள்? டாக்டர் வீடுகள், கல்யாண மண்டபங்கள், நர்சரி பள்ளிகள்—எல்லாவற்றுக்கும் இந்தப் புல். இங்கேயே தொழில், இங்கேயே சாப்பாடு, ஜீனத் கையால்.

ஆனால் ஒரு கெடு. விசாக்காரன் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துப்போகும். அதற்குள் ஒரு ஆர்டராவது கிடைத்தால் தங்குவது. கிடைக்காவிட்டால் திரும்புவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். யார் நம்பி ஆர்டர் கொடுப்பார்கள்? பார்த்தால்தானே நம்புவார்கள். ஆகவே சொந்த வீட்டு வாசலே சாம்பிள்.

வாசல் என்றால் கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே உள்ள சதுரம். சுத்தமான கரிசல் களிமண். காஜா அதை இரண்டே நாளில் முடித்தார். மேலே சமன் செய்தார், உருளை விட்டு அமுக்கினார், பெரிய ரோலை விரித்தார், ஒட்டினார், இழைகளுக்கு நடுவே மணல் தூவிச் சீவிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வது? தெருவெல்லாம் வெயிலில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வேப்பமரம்கூட வாடி நிற்கிறது. கேட்டைத் திறந்தால்... பச்சை. கண்ணைக் குளிப்பாட்டுகிற பச்சை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு நடுவே புகுந்து புகுந்து எழுந்தது. எவன் மூளையில் உதித்ததோ, அவன் கையைக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நான் மட்டுமா? தெருவில் போன வெள்ளாடு ஒன்று உள்ளே வந்து ஒரு வாய் பிடுங்கிப் பார்த்தது. வரவில்லை. இன்னொரு தடவை. அப்புறம் நிமிர்ந்து காஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனது. ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளரின் பார்வை.

இனிமேல்தான் சங்கதி.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இல்லையா? சுத்தமாக, அழகாக ஒன்று விரித்திருந்தால் செருப்போடு மிதிக்க மனசு வராது. வந்தவர் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. கால் தானாகக் கழற்றியது. காலையிலும் சாயங்காலமும் வந்தவர்கள் ‘மெத்து மெத்துன்னு இருக்கு’ என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

உச்சி வெயிலில் முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஹாஜியார். எழுபது வயசு. நிதானமான நடை. புல்லில் நாலு அடி நிதானமாக வந்தார். ஐந்தாவது அடியிலிருந்து அவர் வயசு குறைந்துகொண்டே போனது. படி ஏறி நின்றபோது பதினெட்டு இருக்கும்.

மூச்சு வாங்கியபடி ஒன்று சொன்னார். நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். “ஏம்ப்பா காஜா, தோசைக்கல்லுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கியே, சொல்ல வேணாமா?”

காஜாவுக்கு விளங்கவில்லை. இதைவிட வெயில் அடிக்கிற ஊரில் எட்டு வருஷம் போட்ட புல். அங்கே யாரும் குதிக்கவில்லையே?

நான்தான் அவசரக் குடுக்கை. நல்லது செய்வதாக நினைத்து, எனக்குத் தெரிந்த கரஸ்பாண்டென்ட்டைக் கத்திரி வெயில் நாளில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பள்ளியில் பிள்ளைகள் விளையாடுகிற இடம் கோடையில் புழுதி, மழையில் சேறு. புல் போடலாம் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

அவரும் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவசரமாகப் படியை நோக்கித் தாவியவர், பாதி வழியில் கால் உள்ளே வாங்கி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். புல்லுக்கு அடியில் பள்ளம். நேற்று வரை இல்லாத பள்ளம். ஒட்டிய இடம் ஒரு முழத்துக்குப் பிரிந்து வாயைப் பிளந்து நின்றது.

அவர் நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டே, மழைக்காலம் வரட்டும், அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த ‘சொல்கிறேன்’ எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா? பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற ‘லெட்டர் போடுறோம்’.

அவர் போனதும் காஜா புல்லைச் சுருட்டினார். அடியில் கிடந்த தரையைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான், வெடிப்பைப் பார்க்காதவனா? ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு சீக்கிரத்தில்... முதலை முதுகு மாதிரி பாளம் பாளமாக வெடித்துப் போயிருந்தது. ஒரு வெடிப்பில் என் கை முழங்கை வரை போனது.

ஜீனத் கொல்லைப்பக்கம் போய்த் துணி காயப்போடும் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். முனையில் ஒரு கல்லைக் கட்டி வெடிப்புக்குள் விட்டார். இறங்கியது. இன்னும் இறங்கியது. கயிறு தளர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வெளியே இழுத்து, காஜா பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் இடுப்பைத் தாண்டியது.

காஜா கயிற்றையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். துபாய் மணல் சொன்ன பேச்சைக் கேட்கும். அமுக்கினால் அமுங்கிக் கிடக்கும். இந்த மண் அப்படியா?

“கோடையில வாயைத் தொறக்கும், மழையில வயித்தை ஊதும். அது மேல பாயை விரிச்சா பாயா நிக்கும்?” என்றார் ஜீனத்.

அன்று சாயங்காலம் காஜா பெரம்பலூர் டிராவல்ஸுக்கு போன் போட்டு டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தார். ஆடிக்குள் கிளம்பிவிடலாம் என்றார். ‘போகாதே’ என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? கரஸ்பாண்டென்ட்டைத் தப்பான நேரத்தில் கூட்டி வந்த குற்றம் என்னுடையது அல்லவா?

அவர் போனை வைத்ததும் ஜீனத் சொன்னதுதான் இந்தக் கதையின் அச்சாணி. “புல்லு உங்களோட வேலை. அதை நீங்க பாருங்க. மண்ணை எங்கிட்ட விடுங்க.”

காஜா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் உண்டு. அந்த வீட்டைக் கட்டியது யார்? பணம் காஜா அனுப்பினார், சரி. ஆனால் அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கூரை போட்ட நாள் வரை வெயிலில் நின்றது ஜீனத். காஜாவுக்கு வீடு போட்டோவாகத்தான் போய்ச் சேர்ந்தது. விக்கிரமங்கலத்துக் கொத்தனார் ஒருவர், கரிசலைத் தோண்டி வெளியே கொட்டாமல் மேலே எதைக் கட்டினாலும் அது கட்டினவனைத்தான் கேலி செய்யும் என்று சொன்னதை, நின்று கேட்டவர் இவர். எவ்வளவு ஆழம், எத்தனை லோடு மணல், எத்தனை தடவை தண்ணீர் விட்டு இடித்தார்கள்... எல்லாம் மனப்பாடம். பதினாலு வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் ஒரு கீறல் இல்லை. ஏன் இல்லை என்று காஜா ஒருநாளும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரைக்கு ஜீனத் ஒரு பரீட்சை வைத்தார். இரண்டு ரோலிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காலையிலிருந்து வெயிலில் காயவிட்டிருந்தார். முதலில் தான் ஏறி நின்று பார்த்தார். அப்புறம் காஜாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

கரும்பச்சையில் அவர் நின்றது மூன்று எண்ணுகிற நேரம். நாலாவதற்கு ஆகாயத்தில் இருந்தார்.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் புல்லில் அவர் வெறுங்காலோடு நின்றதில்லை. வேலைக்காரனுக்கு பூட்ஸ். பங்களாக்காரருக்கு ஷூ. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவர்கள் அந்த ஊரில் இல்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே நல்ல புல், மட்டமான புல் என்று தரம் பிரித்திருக்கிறார். “மாப்ள, இத்தனை நாளா நான் புல்லைப் பாக்கவே இல்லடா” என்றார் என்னிடம்.

சின்ன ரோல்... அந்த வெளிறிய, வைக்கோல் கலந்த குட்டைப் புல். மட்டம் என்று அவர் ஓரமாகப் போட்டிருந்தது. சுடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுட்டது. ஆனால் கால் பொறுத்தது. நடந்து கடக்க முடிந்தது. ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்துக்கு நிற்கவும் முடிந்தது. ஹாஜியாரைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார்கள். அவர் தன் வயசிலேயே நடந்து வந்தார். தேர்வு முடிந்தது.

அப்புறம் மண். முழங்கால் ஆழத்துக்குக் கரிசலை வெட்டி வெளியே எடுத்தார்கள். புல்லைத் தாங்க அது போதும் என்றார் ஜீனத். அடியில் ஆற்று மணல். அதன் மேல் கிராவல்... ரோட்டுக்குக் கொட்டுவார்களே, அந்தச் செம்மண் சரளை. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடி. ஜீனத் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நின்றார். புல்லின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன, தண்ணீர் அதில் இறங்கிவிடும் என்று காஜா சொன்னார். இறங்கின தண்ணி எங்கங்க போவும், கீழ களிமண்ணு குடிக்காதே என்றார் ஜீனத். அதற்காக வாசல் முழுக்கத் தெருப்பக்கம் லேசான சரிவு. சுற்றிலும் செங்கல் வரம்பு. அந்தக் குட்டைப் புல் வாசல் முழுக்க அல்ல, வேப்பமர நிழல் விழுகிற பாதியில் மட்டும். மீதிக்குச் சிமெண்ட் கல்.

இதற்கு நடுவில் ஒரு அதிசயம். அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கிராவல் லோடில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். கழுவினால்... சுருள் சுருளாக நத்தை. வரி வரியாக, அச்சு எடுத்த மாதிரி. கல்லாகிப்போன கடல் பிராணி. ஒரு காலத்தில் இந்தச் சீமையெல்லாம் கடல் என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு. ஈரக் கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

காஜா அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடலைத் தாண்டிப் போயித்தான் பொழைக்கணும்னு போனேன் மாப்ள. கடலு இங்கதான் இருந்திருக்கு.”

நோட்டில் இதையும் எழுதிக்கொண்டேன்.

ஆடியில் புல் விரித்து முடிந்தது. ஆவணி போனது. டிக்கெட் மட்டும் கான்சல் ஆகவில்லை, தேதி தள்ளிக்கொண்டே போனது. புரட்டாசியில் நோன்பு பிறந்தது. விசா கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பிடித்தது மழை. மூன்று நாள். தெருவில் கரிசல் ஊதிப்போய், ஹாஜியார் வீட்டு கேட் தரையில் சிக்கித் திறக்க வரவில்லை. சைக்கிள்காரர்கள் சக்கரத்தில் ஆளுக்கு ஒரு வீசை மண்ணைச் சுமந்து போனார்கள்.

மழை விட்டதும் நான் கரஸ்பாண்டென்ட்டைக் கூட்டி வந்தேன். இந்தத் தடவை நேரம் குறித்தது நான் அல்ல. அவரே வருகிறேன் என்றார். அதுதான் போன வாரம். குடை முனை.

நடுவில் குத்தினார். ஓரத்தில் குத்தினார். செங்கல் வரம்பை மிதித்துப் பார்த்தார். தண்ணீர் எங்காவது தேங்கியிருக்கிறதா என்று குனிந்து கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடித் தட்டு மாதிரி நின்றது வாசல். காஜா நோன்பு. உதடு காய்ந்திருந்தது. நோன்பினாலா, பயத்தினாலா என்று தெரியவில்லை.

எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார் கரஸ்பாண்டென்ட்.

“புல்லுக்கு நான் பொறுப்பு சார்” என்றார் காஜா. “மண்ணுக்கு இவங்க பொறுப்பு. இவங்களைக் கேளுங்க.”

எனக்குத் தெரிந்து எத்தனையோ ஆண்கள் எத்தனையோ மேடையில் பெண்ணைப் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஜீனத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வருஷக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. உங்க ஸ்கூல் மண்ணு எப்படின்னு பாக்காம நான் எப்படிங்க சொல்றது என்றார். வெடிப்பு எவ்வளவு ஆழம் போகும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மத்தியானம் நிழல் எங்கே விழும், பிள்ளைகள் செருப்போடு விளையாடுவார்களா, வெறுங்காலா... கேள்வியாக அடுக்கினார். கரஸ்பாண்டென்ட் பதில் தெரியாத பையன் மாதிரி முழித்தார். கடைசியில், நீங்களே வந்து பாருங்கம்மா, பார்த்துட்டு வேலையை ஆரம்பிங்க என்று குடையை மடக்கினார்.

மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

அன்று நோன்பு திறக்கும் நேரம் வரை இருந்தேன். அந்தப் புல்லில்தான் உட்கார்ந்தோம். பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி. காஜா ஒரு மடக்குக் குடித்திருப்பார். செல்போன் அடித்தது. நீளமான நம்பர். துபாய் ஃபோர்மேன், மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும். எப்போது வருகிறாய், இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்று கேட்பது எங்களுக்கே கேட்டது.

காஜா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் சோறு போட்ட ஊரின் குரல் அல்லவா? சட்டென்று முறித்துப் பேச அவருக்கு வரவில்லை.

ஜீனத் கையை நீட்டிப் போனை வாங்கினார். இருபத்தி இரண்டு வருஷமாக அந்தத் தேசத்துப் போனில் ‘சரிங்க’, ‘ஒடம்பைப் பாத்துக்கங்க’ என்று மட்டும் பேசிப் பழகியவர்.

“அண்ணே, அவுங்களுக்கு இங்க வேலை கெடச்சிருச்சு. இனிமே வர மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும்” என்று சொல்லி, பதிலுக்கு அவர் வாழ்த்தியதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, போனை வைத்தார்.

நான் காஜாவைப் பார்த்தேன். வேலை போன மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.